எம்டன் 1:350 – மெட்ராஸ் இரவு. வெள்ளை அடிச்சாச்சு, அடுத்து என்ன?

மயிலை_மாடலிஸ்ட் | ஞாயிறு இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருஷமா இங்கே ஓரமா நின்னு படம் பார்த்துட்டுப் போறவன். முதல் தடவையா இழை தொடங்கறேன், பொறுத்துக்கோங்க.

கையில் இருக்கறது ரெவல் கம்பெனியோட எம்டன் கப்பல் மாடல் கிட், 1:350 அளவு, அதாவது நிஜத்துல 350-ல ஒரு பங்கு. நிஜக் கப்பல் 118.3 மீட்டர், மாடல் 34 செ.மீ.க்கு ஒரு நூல் குறைவு. சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மாசமா உட்கார்ந்திருக்கு. பெட்டி மேல "எஸ்.எம்.எஸ். எம்டன்"னு போட்டிருக்கறதைப் பார்த்துட்டு வீட்டம்மா, "யாருக்கு எஸ்.எம்.எஸ்.?"னு கேட்டாங்க. "மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல்"னு ஜெர்மன்காரன் சுருக்கி எழுதறதுன்னு விளக்கினேன். நம்பின மாதிரி தெரியலை.

என் பாட்டி என்னை வாரத்துக்கு நாலு தடவை "எம்டன்"னு திட்டுவாங்க. அது முதல் உலகப் போர்ல மெட்ராஸ் மேல குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் பேருன்னு தெரிஞ்சப்ப எனக்குக் கல்லூரி வயசு. அதிலிருந்தே ஒரு ஆசை. 22 செப்டம்பர் 1914 ராத்திரி ஒன்பதரைக்கு மேல், மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே நின்ன கப்பல் எப்படி இருந்திருக்குமோ அப்படியே கட்டணும். வேற எந்த நாளும் வேண்டாம்.

இதுவரை: உடல் ஒட்டியாச்சு, பட்டி பார்த்தாச்சு, தேய்ச்சாச்சு. வெள்ளை மூணு கோட்டு, புகைபோக்கி மூணுக்கும் காவி கலந்த மஞ்சள். புதுப்பேட்டையில் வாங்கின கார் பெயிண்ட் ஸ்ப்ரேதான், ஆனா பீங்கான் மாதிரி வந்திருக்கு. படம் கீழே. இனி தளத்து ஓரக் கைப்பிடிக் கம்பியும் ரிக்கிங்கும் (மாஸ்ட்ல கட்டற கயிறுங்க) பாக்கி. பித்தளைக் கம்பியை எப்படி நேரா ஒட்டறது? அப்புறம், நாலாவதா ஒரு போலிப் புகைபோக்கி வெச்சிருந்தாங்களே, அதை வைக்கணுமா?

---

ஃபெவிக்விக்_விரல் | ஞாயிறு இரவு 11:05

அடேங்கப்பா, என்ன வெள்ளை! எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கூட இந்தப் பளபளப்பு இல்லை. கைப்பிடிக் கம்பி பத்தி என்கிட்ட கேட்காதீங்க. போன தடவை கட்டைவிரலும் ட்வீசரும் சேர்ந்தே ஆபீஸ் போச்சு.

---

பாய்லர்_தாத்தா | திங்கள் காலை 5:50

தம்பி, வேலை சுத்தமாக இருக்கிறது. ஒட்டு தெரியவே இல்லை. அதனால்தான் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

அந்த வெள்ளையும் மஞ்சளும் அமைதிக் காலப் பூச்சு. சீனக் கரையில் சிங்தாவில் இருந்த ஜெர்மன் கிழக்காசியப் படையணிக் கப்பல்களுக்கு வெயிலுக்காக அடித்த வண்ணம் அது. அந்தக் கோலத்தில்தான் எம்டனுக்குக் "கிழக்கின் அன்னம்" என்று பெயர். 1914 ஆகஸ்ட்டில் போர் வந்ததும் அன்னத்துக்குச் சாம்பல் பூசிவிட்டார்கள், புகைபோக்கிகள் உட்பட. மெட்ராஸுக்கு வெள்ளைக் கப்பல் வரவில்லை. ராத்திரியில் எண்ணெய்த் தொட்டி எரிகிற வெளிச்சத்தில் வெள்ளைக் கப்பல் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஃபான் முல்லர் அவ்வளவு அப்பாவி கேப்டன் இல்லை.

போலிப் புகைபோக்கி: மரச் சட்டத்தில் கித்தான் இழுத்துக் கட்டியது. நாலு புகைபோக்கி உள்ள பிரிட்டிஷ் குரூசர் ரகப் போர்க்கப்பல் யார்மத் மாதிரி தெரியட்டும் என்று முதல் புகைபோக்கிக்கு முன்னால் நிறுத்துவார்கள், வேண்டாதபோது இறக்கிவிடுவார்கள். 28 அக்டோபர் விடியலில் பினாங்குக்குள் நுழைந்தபோது அது இருந்தது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுத் தந்தி நிலையத்துக்காரர்கள் அது போலி என்று கண்டுபிடித்து உடனே செய்தி அனுப்பியதால்தான் எம்டனை வீழ்த்திய ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது. உங்கள் மாடலிலும் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யுங்கள்.

---

மயிலை_மாடலிஸ்ட் | திங்கள் காலை 8:15

ஐயோ சார்.

மூணு கோட்டு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டாயிரம் நம்பர் தாள் போட்டுத் தேய்ச்சிருக்கேன். மழை நாள்ல அடிச்சா பெயிண்ட் பால் மாதிரி பூத்துப் போகும்னு பத்து நாள் வெயிலுக்குக் காத்திருந்தேன். பெட்டி மேல வெள்ளையாத்தானே படம் போட்டிருக்கான்!

---

ஃபெவிக்விக்_விரல் | திங்கள் காலை 8:22

பேசாம தேதியை மாத்திடுங்க பாஸ். "சிங்தாவ், 1913"னு பலகை வெச்சா முடிஞ்சுது.

---

மயிலை_மாடலிஸ்ட் | திங்கள் காலை 8:30

எங்க பாட்டி சிங்தாவ்ல இல்லையே.

---

சிங்கை_செல்வி | திங்கள் பகல் 1:10

யாரும் தின்னரைக் கையில் எடுக்க வேண்டாம்! அந்த வெள்ளையைச் சுரண்டவே கூடாது.

யோசிச்சுப் பாருங்க. நிஜ எம்டன்லயும் வெள்ளைக்கு மேலதான் சாம்பல். உங்க மாடல் தப்பு செஞ்ச வரிசையும் கப்பலோட வரிசையும் ஒண்ணுதான். அதனால மேலே சாம்பல் அடிங்க, உரசின இடத்துல மட்டும் அடியில இருக்கற வெள்ளை எட்டிப் பார்க்கட்டும். மாடல் கட்டறவங்க இதுக்குன்னே தனியா ஒரு அடிக்கோட்டு போடுவாங்க. உங்களுக்கு அந்த வேலை முடிஞ்சுபோச்சு.

செய்முறை சொல்றேன். கார் பெயிண்ட் லாக்கர் வகை, தண்ணிக்கு அசையாது. அது நல்லதுதான். அதுமேல தலைக்கு அடிக்கிற ஹேர் ஸ்ப்ரே, வாசனை மட்டமானதா இருந்தாலும் பரவாயில்லை, ஒரு அடி தள்ளி நின்னு ரெண்டு மெல்லிய கோட்டு. காய்ஞ்சதும் தண்ணியில கரையற அக்ரிலிக் சாம்பலை ஏர்பிரஷ்ல அடிங்க. அரை மணி நேரம் கழிச்சு, முழுசா இறுகறதுக்குள்ள, வெதுவெதுப்பான தண்ணியைத் தூரிகையால தடவி ஒரு நிமிஷம் விடுங்க. அடியில ஹேர் ஸ்ப்ரே இளகும். முடி குட்டையா வெட்டின பழைய தூரிகையால லேசா குத்தினா சாம்பல் பொடிப் பொடியா பெயரும், வெள்ளை தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 1:350-ல ஒரு மி.மீ. பெயர்ந்தா நிஜத்துல 35 செ.மீ. பெயர்ந்த மாதிரி. குடும்பத்துல சண்டை போட்ட சுவர் மாதிரி ஆக்கிடாதீங்க. ஊசி முனை அளவு, அதுவும் அஞ்சாறு இடத்துல போதும்.

---

மயிலை_மாடலிஸ்ட் | திங்கள் பகல் 1:25

அக்கா, நீங்க நல்லா இருக்கணும். எந்த அஞ்சாறு இடம்?

---

பாய்லர்_தாத்தா | திங்கள் மாலை 6:30

அந்த அம்மா சொன்னது அருமை. இடம் நான் சொல்கிறேன்.

எம்டனுக்குப் பன்னிரண்டு பாய்லர், எல்லாம் நிலக்கரி. சொந்தத் துறைமுகம் பக்கத்தில் கிடையாது. கூடவே வந்த மார்க்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலை நடுக்கடலில் பக்கத்தோடு பக்கமாகக் கட்டி, மூட்டை மூட்டையாக இந்தப் பக்கம் ஏற்றுவார்கள். அலையில் இரண்டு கப்பலும் ஒன்றோடொன்று மோதும். நான் மோட்டார் கப்பல் காலத்து ஆள், ஆனாலும் கடலில் இரண்டு கப்பலைப் பக்கம் பக்கமாகக் கட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். எத்தனை தடுப்பு தொங்கவிட்டாலும் நடுப்பகுதியில் பெயிண்ட் போய்விடும். ஆகவே உரசல் கப்பலின் நடுவில், பக்கவாட்டுப் பீரங்கி மேடைகள் வெளியே பிதுங்குகிற இடத்தில். அப்புறம் நங்கூரச் சங்கிலி இறங்குகிற துளைக்குக் கீழே. அவ்வளவுதான்.

பீரங்கி வரிசையைச் சரிபார்த்தீர்களா? 10.5 செ.மீ. பீரங்கி மொத்தம் பத்து. முன்னால் இரண்டு அருகருகே, பின்னால் இரண்டு அருகருகே, இடுப்பில் பக்கத்துக்கு மூன்று. குழாய் நீளம் 4.2 மீட்டர், உங்கள் அளவில் 12 மி.மீ. பிளாஸ்டிக் குழாய் தடியாக இருந்தால் ஊசி மருந்து போடும் ஊசியை வெட்டி வையுங்கள், துளையும் சேர்ந்தே வரும்.

---

சுண்டிக்குளி | திங்கள் இரவு 9:00

அண்ணை, வணக்கம். யாழ்ப்பாணத்திலையும் உந்தச் சொல் இருக்கு. என்ரை அம்மாவும் "எம்டன்" எண்டுதான் ஏசுவா. அந்த நேரம் கப்பல் கொழும்புக்குக் கிட்டவாக வந்து, துறைமுகத்துச் சேர்ச்லைட் வெளிச்சம் தெரியிற தூரத்திலை நிண்டு வணிகக் கப்பல்களைப் பிடிச்சது. அதாலை எங்கட ஆக்களுக்கும் பயம் குறைவில்லை.

நான் சொல்ல வந்தது இரண்டு விசயம். ஒண்டு, துரு. பாசி சரி, கரித்தூள் சரி, ஆனால் துருவைக் கொட்டி ஊத்தாதேங்கோ. அது ஒழுங்கான கடற்படைக் கப்பல், அஞ்சு வருசம்தான் வயசு (1909 ஜூலையிலை சேவைக்கு வந்தது). கைவிட்ட இழுவைப்படகு இல்லை. தண்ணிக் கோட்டிலை பச்சைப் பாசி மட்டும் கொஞ்சம் கூடவே போடலாம். மெட்ராஸுக்குப் பிறகு, அக்டோபரிலை டியாகோ கார்சியாவிலை நிண்டுதான் கப்பலை ஒரு பக்கம் சரிச்சு அடிப்பாகத்தைத் துப்புரவாக்கினவை. அந்தத் தீவுச் சனத்துக்குப் போர் துவங்கினதே தெரியாது. இவை வாயே திறக்கேல்லை, போதாக்குறைக்கு அவையின்ரை மோட்டர் படகையும் திருத்திக் குடுத்திட்டுப் போனவை. உதுதான் எம்டன் வேலை!

மற்றது, முன்னுக்கு இரும்புச் சிலுவைச் சின்னம் ஒட்டிப்போடாதேங்கோ. அது பிறகு வந்த எம்டன்களுக்கு, இந்தக் கப்பலின்ரை நினைவா வைச்சது. சில ஆக்கள் அழகு எண்டு இதிலையும் ஒட்டினம்.

---

மயிலை_மாடலிஸ்ட் | திங்கள் இரவு 9:20

அந்தச் சின்னத்தோட ஸ்டிக்கரை ஒட்டறதுக்காகத் தண்ணியில ஊறப் போட்டுட்டேன் அண்ணா. இப்ப எடுத்துட்டேன். 🙏

---

கோவை_குட்டி | செவ்வாய் மாலை 4:45

சார், நடுவுல ஒரு கேள்வி. எனக்கு டிரெஸ்டன் கிட் பழசா பாதி விலைக்குக் கிடைக்குது. ரெண்டும் அக்கா தங்கச்சிக் கப்பல்தானுங்களே, பேரை மாத்தி எம்டனாக் கட்டிறலாமுங்களா?

---

பாய்லர்_தாத்தா | செவ்வாய் மாலை 5:30

மேலே பார்த்தால் அக்கா தங்கச்சிதான். கீழே பார்த்தால் சம்பந்தமே இல்லை. டிரெஸ்டனில் டர்பைன், நான்கு சுழலி (புரொப்பல்லர்). எம்டனில் பழைய பிஸ்டன் நீராவி எஞ்சின் இரண்டு, சுழலியும் இரண்டுதான். அந்த வகை எஞ்சினோடு ஜெர்மன்காரர்கள் கட்டிய கடைசி லேசுரகக் குரூசர் அது. முழு உடலும் தெரிய ஸ்டாண்டில் நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். தண்ணீர்க் கோட்டோடு வெட்டிக் கடலில் உட்கார வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

---

நாகை_நெய்தல் | புதன் காலை 7:10

நாங்க படகுல முன்பக்கத்தை அணியம்னு சொல்லுவோம், பின்பக்கத்தை அமரம்னு. எம்டனோட அணியம் தண்ணிக்குக் கீழ முன்னால துருத்திக்கிட்டு வரும், இடிக்கிற கிடா மாதிரி. தண்ணிக் கோட்டோட வெட்டினா அது போயிடும். எனக்கு அது மனசு வராது.

இன்னொண்ணு. மேல்தளத்துல விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையை நிக்க வைங்க தோழர். அவர்தானே குண்டு போட வழி காட்டினார்? அஞ்சாம் வகுப்புல வாத்தியார் சொன்னது.

---

சுண்டிக்குளி | புதன் காலை 9:40

அண்ணை, அது சனம் கட்டின கதை. அந்த மாதம் அவர் ஐரோப்பாவிலை. சூரிச்சிலை இருந்து பிறகு பெர்லினுக்குப் போனவர். எம்டன் ஆகஸ்ட்டிலேயே சிங்தாவை விட்டு வெளிக்கிட்டிட்டுது. நடுக்கடலிலை எப்பிடி ஏறுறது?

---

நாகை_நெய்தல் | புதன் காலை 10:05

வாத்தியார் பொய் சொல்ல மாட்டாரு.

---

பாய்லர்_தாத்தா | புதன் காலை 11:00

வாத்தியாருக்கு அவர் வாத்தியார் சொல்லியிருப்பார். செண்பகராமன் பெர்லினில் இருந்துகொண்டு செய்த வேலையே பெரிது, அதற்குக் கப்பல் தேவையில்லை. குண்டு போட வழிகாட்டியும் தேவைப்படவில்லை. அன்றைக்கு மெட்ராஸில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, கலங்கரை விளக்கம் உட்பட. சேர்ச்லைட்டைப் போட்டதும் பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகள் தெரிந்துவிட்டன. சுமார் 125, 130 குண்டு, அரை மணி நேரம். போகும்போது வடக்குப் பக்கம் விளக்கோடு போய், பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தெற்கே திரும்பினார்கள்.

ஆசைக்கு ஓர் ஆளை நிறுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்த அளவில் ஆள் 5 மி.மீ. உயரம். யார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

---

மயிலை_மாடலிஸ்ட் | வியாழன் இரவு 11:50

சாம்பல் அடிச்சாச்சு! செல்வி அக்கா சொன்ன மாதிரியே. தண்ணி தொட்டுக் குத்தினதும் முதல்ல ஒண்ணும் ஆகலை. ரெண்டாவது நிமிஷம் ஒரு கடுகு அளவு பெயர்ந்து உள்ளேயிருந்து வெள்ளை தெரிஞ்சது. கை நடுங்கிப் போச்சு. ரெண்டு மாசம் முன்னாடி நான் அடிச்ச அதே வெள்ளை, ஆனா இப்ப பார்த்தா சிங்தாவ்ல யாரோ அடிச்ச மாதிரி இருக்கு.

ஒரு இடத்துல ஜாஸ்தி பெயர்ந்துடுச்சு, வலது பக்க ரெண்டாவது பீரங்கிக்குக் கீழே. நிஜ அளவுல ஒரு கதவு பெருசு. அங்கே திரும்ப சாம்பல் தொட்டு வெச்சேன். நிழல் கொஞ்சம் மாறித் தெரியுது. கப்பல்காரனும் அப்படித்தான் ஒட்டுப் போட்டிருப்பான்னு விட்டுட்டேன்.

இப்ப கைப்பிடி.

---

சிங்கை_செல்வி | வெள்ளி பகல் 12:30

கைப்பிடிக் கம்பிக்கு நான் பல வருஷம் அழுதிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

பித்தளைத் தகட்டைக் கத்தரியால வெட்டாதீங்க, சுருண்டுடும். உடைஞ்ச டைல்ஸ் துண்டு மேல வெச்சு, புது பிளேடால அழுத்தி, இழுக்காம வெட்டுங்க. வளையற இடத்தை ஒட்டறதுக்கு முன்னாடியே கப்பல் ஓரத்துல வெச்சுப் பார்த்து வளைங்க. ஒட்டின பிறகு வளைக்கலாம்னு நினைச்சா வம்பு.

ஃபெவிக்விக் நேரா வைக்காதீங்க. வைச்ச இடத்துல புகை மாதிரி வெள்ளை படரும், தப்பாப் பிடிச்சா திரும்ப எடுக்க முடியாது. நான் ஃபெவிக்காலைக் கொஞ்சம் தண்ணி விட்டு இளக்கி, தையல் ஊசிக் காதால ஓரத்துல கோடு மாதிரி தடவுவேன். கம்பியை நிறுத்த ஒரு நிமிஷம் அவகாசம் கிடைக்கும், காய்ஞ்சா தெரியாது. நேரா நின்ன பிறகு ரெண்டு முனையிலும் மட்டும் ஃபெவிக்விக், ஊசி முனையில ஒரு துளி.

ரிக்கிங்குக்கு ஸ்ப்ரூவை (கிட்ல பாகங்கள் ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்தியில காட்டி இழுத்த நூல். தொய்ஞ்சிருந்தா ஊதுபத்திக் கங்கைப் பக்கத்துல கொண்டு போங்க, தொடாம. நூல் தானா விறைக்கும். கொஞ்சம் நெருங்கினா அறுந்துடும், சொல்லிட்டேன்.

இங்கே சிங்கப்பூர்ல எம்டன் ஆட்களைக் கைதியா டாங்லின் முகாம்ல வெச்சிருந்தாங்க. 1915 சிப்பாய்க் கலகத்தப்ப லவுட்டர்பாக்னு ஒரு ஆபீசர் தப்பிச்சே போயிட்டார். ஆள் நல்ல பருமன். 5 மி.மீ. பொம்மையில ஒண்ணுக்கு மட்டும் தொப்பை வெச்சா நான் சந்தோஷப்படுவேன்.

---

பாய்லர்_தாத்தா | வெள்ளி மாலை 6:10

ஒன்று விட்டுப்போயிற்று. போருக்குத் தயாராகும்போது பீரங்கி சுழலும் இடத்துக் கைப்பிடிகளை மடக்கிப் படுக்க வைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் சுடும் பாதையில் நிற்கும். நீங்கள் கட்டுவது சுடுகிற இரவு. முன்தளத்தில் கைப்பிடி நிமிர்ந்து நிற்கக் கூடாது.

---

மயிலை_மாடலிஸ்ட் | வெள்ளி இரவு 10:30

சார்... முன்தளம்தான் முதல்ல முடிச்சேன். ராத்திரி மூணு மணி வரைக்கும்.

---

பாய்லர்_தாத்தா | சனி காலை 5:45

பிடுங்குங்கள்.

---

ஃபெவிக்விக்_விரல் | சனி காலை 9:00

தாத்தா கேப்டனா இருந்திருந்தா எம்டன் தோத்திருக்காது.

---

மயிலை_மாடலிஸ்ட் | அடுத்த புதன் இரவு 11:15

பிடுங்கியாச்சு. படுக்க வெச்சாச்சு. ஃபெவிக்காலுங்கறதால ஈரத்துணி வெச்சதும் வந்துடுச்சு, அக்காவுக்கு நன்றி.

ஆனா நேத்து வேற ஒண்ணு. முன் மாஸ்ட் ரிக்கிங் முடிச்சு, பின் மாஸ்ட்ல கடைசி நூலை ஊதுபத்தி காட்டி விறைக்க வெச்சிட்டிருந்தேன். ட்யூப்லைட் பக்கத்துல பூச்சிக்குக் காத்திருந்த பல்லி ஒண்ணு பொத்துனு விழுந்துச்சு, நேரா பின் மாஸ்ட் மேல. மாஸ்ட் ரெண்டு துண்டு, நூல் எட்டு போச்சு, பல்லி வாலை விட்டுட்டு ஓடிடுச்சு. வால் மேல்தளத்துல துடிச்சிட்டிருந்துச்சு. சிட்னி அடிச்ச முதல் குண்டுல கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

மாஸ்டைப் பித்தளைக் கம்பியில புதுசாப் பண்ணிட்டேன். அது ஒரு வகையில நல்லதுதான், இனி வளையாது.

---

நாகை_நெய்தல் | வியாழன் காலை 6:50

பல்லி அமரத்துல விழுந்தா என்ன பலன்னு பஞ்சாங்கத்துல பார்க்கணும்.

---

மயிலை_மாடலிஸ்ட் | வியாழன் இரவு 10:00

அடுத்தது கடல். துறைமுகம், எரியற தொட்டி ரெண்டு, எல்லாம் ஒரே பலகையில வைக்கணும்னு மச்சான் ஐடியா குடுத்தான். கணக்குப் போட்டேன். கப்பல் நின்னது கரையிலிருந்து சுமார் 3,000 கெஜம். 350-ஆல வகுத்தா 7.8 மீட்டர். எங்க ஹாலைத் தாண்டி, சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாமி சமையலறையில தொட்டி எரியும். மாமி சம்மதிக்க மாட்டாங்க.

அதனால கடல் மட்டும். டிஷ்யூ தாளைக் கசக்கி ஃபெவிக்கால்ல ஒட்டி, கருநீலம் அடிச்சு, மேலே பளபளப்பு ஜெல். இடது பக்க அலைமேல மட்டும் லேசா ஆரஞ்சு தடவியிருக்கேன், தொட்டி எரியற வெளிச்சம். நாகை அண்ணனுக்காக முழு உடலையும் வெட்டாம வெச்சுட்டேன், ஜெல்லுக்குள்ள மூழ்கியிருக்கு. அணியம் உத்துப் பார்த்தா தெரியும். எம்-சீல்ல நிலக்கரி மூட்டை நாற்பது உருட்டி மேல்தளத்துல அடுக்கியிருக்கேன். சேர்ச்லைட்டுக்கு ரிச்சி தெருவுல வாங்கின அரிசி மாதிரி எல்.இ.டி., பத்து ரூபா.

---

பாய்லர்_தாத்தா | வெள்ளி காலை 5:55

மூட்டைகளைப் பீரங்கிக்குப் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. இது என் வாயில் எளிதில் வராது.

உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதில் பக்கம் எம்டன் குண்டு விழுந்த இடத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. முடிந்ததும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கப்பலைக் கொண்டு போக வேண்டாம், வாசலில் போலீஸ் சோதிப்பார்கள்.

---

சிங்கை_செல்வி | வெள்ளி பகல் 1:00

தொப்பை ஆபீசர்?

---

மயிலை_மாடலிஸ்ட் | வெள்ளி இரவு 9:45

வெச்சாச்சு அக்கா, கேப்டன் நின்னு கப்பலை நடத்தற மேடைக்குக் கீழ நிக்கறார். மூட்டையும் நகர்த்தியாச்சு சார். நாலாவது புகைபோக்கி காகிதத்துல பண்ணி, கழற்றி மேல்தளத்துல சாய்ச்சு வெச்சிருக்கேன்.

கண்ணாடிப் பெட்டிக்கு அளவு குடுத்திருக்கேன், பத்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும் சாயங்காலம் ஆனா ஹால் ட்யூப்லைட்டைப் போடறதில்லை. வெளிச்சம் இருந்தாத்தானே பூச்சி வரும், பூச்சி வந்தாத்தானே பல்லி வரும். வீட்டம்மா சமையலறை லைட்லதான் சீரியல் பார்க்கறாங்க.